கஞ்சி போட்ட ஜீன்ஸ்

ஷரிபுதீனின் தொடைக்கு ஏற்ற ஜீன்ஸ் கல்முனை பஸாரில் எந்தக் கடையிலும் இல்லை. இருந்த கடையெல்லாம் ஏறி இறங்கிப் பார்த்துவிட்டான். இடுப்புக்குச் சரியானது தொடையில் ஏறாது; தொடையில் ஏறுவது இடுப்பில் நிற்காது. சின்ன வயதிலிருந்தே மருதமுனையில் வாப்பாவின் தறியில் குந்தி மிதிகட்டை மிதித்து வளர்ந்த கால்கள் அவை. மேலே பார்த்தால் ஒல்லிப் பொடியன், கீழே பார்த்தால் பயில்வான். இடுப்பில் தொளதொளவென்று சாரனைச் சுற்றியிருக்கும்வரை அதெல்லாம் யாருக்குத் தெரியப்போகிறது? இவ்வளவு காலமும் அடக்க ஒடுக்கமாக இருந்த தொடைகள், இந்தப் பாழாய்ப்போன ஜீன்ஸ் வந்த பிறகுதான் மானத்தை வாங்கத் தொடங்கின.

ஜீன்ஸ் வேண்டும் என்று சொன்னவன் கச்சிமுகம்மது. ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். பந்து விளையாடத் தெரியாது, ஆனால் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான். கழகத்துக்கு ஒரு கட்டிடம் வேண்டும் என்று சொல்லி, கொழும்பிலிருந்து ஓர் இசைக்கோஷ்டியைக் கூப்பிட்டு, கடற்கரைப் பக்கத்து மைதானத்தில் கச்சேரி வைக்க ஏற்பாடு செய்திருந்தான். இடையில் உள்ளூர்ப் பாடகன் ஒருவனுக்கு ஒரு பாட்டு. அந்த ஒருவன் ஷரிபுதீன்.

"பாட்டு உனக்குத்தான்டா. ஆனா சாரனோட மேடைக்கு ஏற ஏலா, இப்பவே சொல்லிப்போட்டன்" என்றான் கச்சிமுகம்மது. "கொழும்பான் எல்லாம் ஜீன்ஸ் போட்டுட்டு நிப்பானுகள். நடுவுல நீ சாரனத் தூக்கிப் புடிச்சிட்டு நிண்டா, நம்மட ஊரப்பத்தி என்ன நினைப்பானுகள்?"

ஷரிபுதீனுக்குப் பாட்டென்றால் உயிர். தறிகள் எல்லாம் ஒரே நேரத்தில் சடசடக்கும்போது அந்தச் சத்தத்தையும் மீறி எழும்புகிற குரல். பக்கத்து வளவுப் பெண்கள் நூல் சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். ஆனால் ஓர் ஓர்கனோடு, கிற்றாரோடு, மைக்குக்கு முன்னால் நின்று அவன் ஒருநாளும் பாடியதில்லை. இனிமேல் பாடவும் முடியாது. நோன்புப் பெருநாள் கழிந்ததும் அவனுக்குக் கலியாணம். பெண் கமீலா, ஆதம்பாவா மரைக்காரின் மகள். ஊர் வழக்கப்படி, கலியாணம் முடிந்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோக வேண்டும். மரைக்காரின் வளவு, மரைக்காரின் கிணறு, மரைக்காரின் கண் முன்னால் வாழ்க்கை. அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறவர். மாப்பிள்ளை கேட்டு வந்த அன்றைக்கே, வெற்றிலைத் தட்டைத் தொடுவதற்கு முன்னால், ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"புள்ளையில குறை சொல்ல ஒண்டுமில்ல. ஆனா நிக்காஹ் முடிஞ்ச பொறகு மேடையில ஏறிப் பாட்டுப் படிக்கிற வேலை இரிக்கப்படா."

உம்மா தலையை ஆட்டிவிட்டாள். நிக்காஹ் முடிந்த பிறகு என்றுதானே சொன்னார், அதற்கு முன்னால் என் வாய் என்னுடையது என்று ஷரிபுதீன் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டான். ஆயுளுக்கும் சேர்த்து ஒரே ஓர் இரவு, ஒரே ஒரு பாட்டு. அதை ஊரே கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

அந்த ஒரு பாட்டுக்கு ஒரு ஜீன்ஸ் கிடைக்கவில்லை என்றால் எரிச்சல் வராதா?

கல்முனையில் ஒரு கடைக்காரர் அவனை உடுப்பு மாற்றும் மறைப்புக்குள் அனுப்பிவிட்டு, வெளியில் நின்று வழி சொன்னார்.

"மூச்ச உள்ளுக்கு இழுங்க தம்பி. இன்னும் இழுங்க. ஜீன்ஸ் எண்டா கொஞ்சம் இறுக்கமாத்தான் இரிக்கும்."

"தொடைக்கு என்னத்த மூச்சு காக்கா? ஏறுதில்ல."

"அப்ப கீழ படுத்துப் போட்டுப் பாருங்க."

படுத்தும் பார்த்தான். பாதி வழியில் ஜீன்ஸ் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. கடைக்காரர் உள்ளே வந்து, கால்பக்கத்தைப் பிடித்து இழுத்துத்தான் அவனை மீட்டெடுத்தார். சாமான் வாங்க வந்திருந்த இரண்டு பெண்கள் முக்காட்டுத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது வெள்ளைக்காரனுக்குத் தைச்ச சாமான். நம்மட ஆக்களுக்குச் சரிவராது" என்று கடைக்காரர் மடித்து வைத்தார். நம்மட ஆள் ஒருவன் அதே மாதிரி ஜீன்ஸைப் போட்டுக்கொண்டு சந்தியில் நின்று தலை சீவிக்கொண்டிருந்ததை ஷரிபுதீன் வரும் வழியில்தான் பார்த்திருந்தான். அவனுடைய கால்கள் இரண்டும் பாக்குமரம் மாதிரி இருந்தன. அல்லா சிலருக்கு அப்படிக் கொடுத்துவிடுகிறான்.

திரும்பும் வழியில் பாண்டிருப்பில் இறங்கி, தையற்காரர் சாமித்தம்பியிடம் போனான். ஜீன்ஸ் துணி எடுத்துத் தந்தால் தைக்க முடியுமா என்று கேட்டான். சாமித்தம்பி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அவனுடைய கால்களைச் சுற்றி வந்து பார்த்தார்.

"தைக்கலாம் தம்பி. ஆனா உங்கட தொடைக்கு நான் தைச்சா அது ஜீன்ஸ் மாதிரி வராது, பொலிஸ்காரன்ட பழைய களிசான் மாதிரித்தான் வரும். பொறகு என்னைக் குறை சொல்லப்படா."

தேடுகிறானே என்று இரங்கியவன் மீராமுகைதீன் ஒருவன்தான். சவூதியிலிருந்து லீவில் வந்திருந்தான். ஆள் மலை மாதிரி. தான் உடுத்துத் தோய்த்து நன்றாக வெளுத்துப்போயிருந்த ஜீன்ஸ் ஒன்றைத் தூக்கிக் கொடுத்தான். ஷரிபுதீனின் தொடை அதற்குள் தாராளமாக இறங்கியது. இடுப்பில் இன்னொரு ஷரிபுதீனுக்கும் இடம் இருந்தது. சாமித்தம்பி ஊசிகளை முறித்து, முனகி முனகி இடுப்பைப் பிடித்து, காலைக் கட்டையாக்கிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்றான். முன்பக்கம் பரவாயில்லை. திரும்பினான். அவ்வளவுதான், முகம் செத்துப்போயிற்று. பின்பக்கம் துணி தொங்கிக் கிடந்தது. அரிசியைக் கொட்டியெடுத்த வெறும் சாக்கு.

"பாரு ராத்தா! இதோட எப்படி மேடைக்கு ஏறுற? மைக்குக்கு முன்னால நிண்டா முன்னால சரி. ஏறக்குள்ள சனம் பின்னாலதானே பாக்கும்!"

அவனுக்கு மூத்தவள், ராத்தா ஜெமீலா, அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அந்த வீட்டில் தறியில் ஏறுகிற பாவு நூலுக்கெல்லாம் கஞ்சி போடுகிறவள் அவள்தான். துணியைத் தொட்டுப் பார்த்தே நோய் சொல்லிவிடுவாள். ஜீன்ஸை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

"துணியில பிழையில்லடா. தோய்ச்சுத் தோய்ச்சுக் கஞ்சியெல்லாம் போயிட்டு. அதான் தொங்குது. கழட்டித் தா, நான் நிமித்தித் தாறன்."

மருதமுனையில் பிறந்தவனுக்கு இதில் சந்தேகம் வருமா? கஞ்சி இல்லாத சாரன் சாரனா, கஞ்சி இல்லாத சேலை சேலையா? ஷரிபுதீன் கழற்றிக் கொடுத்துவிட்டுத் தறிக்குப் போனான். ஜெமீலா தம்பியின் மேல் உள்ள பாசத்தையெல்லாம் கஞ்சியில் கரைத்தாள். பாவுக்குப் போடுகிற பதத்தில் கெட்டியாகக் காய்ச்சி, ஜீன்ஸை முக்கி எடுத்து, வெயிலில் காயவிட்டு, காய்ந்ததும் இன்னொரு தரம் முக்கிக் காயவிட்டு, தண்ணீர் தெளித்து, சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் அழுத்தித் தேய்த்து, கத்தி மாதிரி மடிப்பு எடுத்தாள். கச்சேரி அன்று பின்னேரம் அவன் குளித்துவிட்டு வந்தபோது ஜீன்ஸ் சுவரில் சாய்ந்து தானாக நின்றுகொண்டிருந்தது.

போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தான். சுபஹானல்லாஹ்! தொடையைக் காணோம். இடுப்பிலிருந்து பாதம்வரை ஒரே நேராக இறங்கியது. பின்பக்கம் ஒரு சுருக்கம் இல்லை. ஒரு நிமிடம் அவனுக்குத் தன்மீதே காதல் வந்துவிட்டது.

"எப்பிடி?" என்றாள் ஜெமீலா.

"ராத்தா, நீ சுவர்க்கத்துக்குத்தான் போவாய்."

சைக்கிளில் ஏறப்போனபோதுதான் முழங்கால் மடங்கவில்லை என்று தெரிந்தது. அதற்கென்ன, நடந்து போகலாம். கொஞ்ச நேரத்தில் இளகிவிடும் என்று ராத்தா சொன்னாள். இளகவில்லை. அவ்வளவு நல்ல கஞ்சி.

மைதானத்தில் சனம் நிரம்பி வழிந்தது. பாண்டிருப்பிலிருந்தும் நற்பிட்டிமுனையிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் சைக்கிளிலும் ட்ரக்டர் பெட்டியிலும் வந்திருந்தார்கள். ஒரு பக்கம் கிடுகு கட்டி மறைத்துப் பெண்களுக்கு இடம் விட்டிருந்தது. இரவு இஷாத் தொழுகை முடிந்ததும் தொடங்கும் என்று சொன்ன கச்சேரிக்கு, சனம் கச்சான் கடலை கொறித்து முடித்த பிறகும் கோஷ்டியின் வேன் வரவில்லை. வந்தபோது அதிலிருந்து நாலைந்து பேர்தான் இறங்கினார்கள். நோட்டீஸில் பெரிதாகப் படம் போட்டிருந்த பாடகி வரவில்லை. அவளுக்குக் காய்ச்சலாம். பெரிய ட்ரம் செட்டும் வரவில்லை. அது வேறொரு கலியாணத்துக்குப் போய்விட்டதாம்.

தொடங்கியதாவது உருப்படியாக இருந்ததா? பாடகருக்குத் தடிமன், மூக்கு ஒழுகியது. மேலே போகவேண்டிய இடத்திலெல்லாம் மைக்கைச் சனத்தின் பக்கம் நீட்டிவிட்டார். பாடகியின் பாட்டுகளை மீசை வைத்த ஒருவர் கீச்சுக்குரலில் பாடினார். ஸ்பீக்கர் நடுநடுவே விசிலடித்தது. முதலில் பாடிய பாட்டையே கொஞ்சம் கழித்து மறுபடியும் பாடினார்கள். பாட்டுக்குப் பாட்டு கச்சிமுகம்மது மைக்கைப் பிடித்துக்கொண்டு, உதவி செய்தவர்களுக்கெல்லாம் நன்றி சொன்னான். சனம் கூவத் தொடங்கிற்று.

"கொழும்புக்கே திருப்பி அனுப்புடா!"

ஷரிபுதீன் இதற்காக எத்தனை நாள் கனவு கண்டிருப்பான்! இந்த இரைச்சலுக்கு நடுவிலா என் பாட்டு என்று இருந்தது. உட்கார்ந்து ஆறுதலாகக் கவலைப்படவும் வழியில்லை. எல்லாரும் மணலில் குந்தியிருக்க, அவன் ஒருவன் மட்டும் நட்டு வைத்த கம்பமாக நின்றான்.

"டேய், இரிடா! மறைக்குது!" என்றார்கள் பின்னாலிருந்து.

"ஏலாது காக்கா."

"என்ன ஏலாது? பெரிய மாப்பிள!"

நகர்ந்து நகர்ந்து மைதானத்தின் ஓரத்துக்கே வந்துவிட்டான். போகிற வழியில் கச்சிமுகம்மதுவைப் பிடித்துக் கேட்டான்.

"மச்சான், என்னை எப்ப கூப்பிடுவாய்?"

"இரிடா, இன்னும் நேரம் கிடக்கு. தேத்தண்ணியக் குடி, தொண்டை இளகட்டும்."

குடித்தான். பயத்தில் இன்னொன்றும் குடித்தான். கொஞ்ச நேரத்தில் அடிவயிறு அவசரம் காட்டியது. இன்னும் நேரம் கிடக்கிறதே என்று, மைதானத்துக்குப் பின்னால் தென்னைகளுக்கு நடுவே இருந்த கிணற்றடிக்குப் போனான்.

அங்கேதான் வந்தது வினை. நின்றுகொண்டு போகிற பழக்கம் அவனுக்கு இல்லை. குந்தியிருந்து போய், தண்ணீரால் சுத்தம் செய்ய வேண்டும். உம்மா சின்ன வயதிலேயே அடித்துப் பழக்கியது. ஆனால் இந்த ஜீன்ஸ் குந்த விட்டால்தானே? முழங்காலைக் கொஞ்சம் மடித்தான். முதுகுப் பக்கம் பலகை மாதிரி எழும்பியது. சரி, கழற்றித் தொலைப்போம் என்று பொத்தானைப் பிடித்தான். பொத்தான் துளையும் கஞ்சியில் இறுகிக் கிடந்தது. நகம் உடைய உடைய அதைத் திறந்து, தென்னையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக உரித்து எடுத்துக் கிணற்றுக்கட்டின் மேல் போட்டான். குந்தினான். நிம்மதியாயிருந்தது. வாளியில் தண்ணீர் அள்ளிச் சுத்தம் செய்தான். அவசரத்தில் வாளி சரிந்து, இரண்டு காலும் நனைந்து, ஜீன்ஸும் பாதி நனைந்தது.

அப்போதுதான் ஸ்பீக்கரில் கச்சிமுகம்மதுவின் குரல் கேட்டது.

"அடுத்ததாக, உங்கள் அபிமான... நம்மட ஊரின் இளம் பாடகர்... ஷரிபுதீன் அவர்களை மேடைக்கு அழைக்கிறோம்!"

ஷரிபுதீன் ஜீன்ஸுக்குள் காலை விட்டான். ஈரக் காலும் ஈரக் கஞ்சியும் சேர்ந்து பசையாகி, கால் பாதி வழியில் ஒட்டிக்கொண்டது. இழுத்தான். தொடை வந்த இடத்தில் அசையவே மாட்டேன் என்றது. ஒற்றைக் காலில் தத்தித் தத்தித் தென்னையில் மோதி விழுந்தான்.

"ஷரிபுதீன் அவர்கள் எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்!"

கையைத் தட்டுவது கேட்டது. முதலில் முன்வரிசை, பிறகு மைதானம் முழுவதும். அவ்வளவு நேரமும் வெளியூர்க் கோஷ்டியிடம் ஏமாந்த சனம், நம்ம பொடியன் என்றதும் உயிர் பெற்று எழுந்துவிட்டது.

"ஷரி-பு-தீன்! ஷரி-பு-தீன்!"

கிடுகு மறைப்புக்குப் பின்னாலிருந்து பெண்களும் குரவை விட்டார்கள். ஓர்கன்காரர் ஒரு மெட்டை வாசித்துக் காத்திருந்தார். முழு ஊரும் இப்படி அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் என்று கனவில்கூட அவன் நினைத்ததில்லை. கோஷ்டி நன்றாகப் பாடியிருந்தால் கூப்பிட்டிருக்கவும் மாட்டார்கள். கூப்பிடுகிற நேரத்தில் அவன் ஒரு காலில் ஜீன்ஸும் மறு காலில் வெறுந்தொடையுமாக, கிணற்றடியில் விழுந்து கிடந்தான். தொங்கினால் என்ன, சாக்காக இருந்தால்தான் என்ன, அப்படியே போட்டுக்கொண்டு வந்திருக்கலாமே என்று நெஞ்சு வெடித்தது. வாய்விட்டு அழுதான்.

மூன்றாம் தரமும் கூப்பிட்டார்கள். பிறகு சனத்தின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று. தடிமன் பாடகர் இருமிவிட்டு, மறுபடியும் அதே முதல் பாட்டைத் தொடங்கினார்.

அவன் ஒருவழியாக உடுத்திக்கொண்டு வந்தபோது பாதிச் சனம் எழும்பிப் போய்விட்டது.

"எங்கடா போன?" என்று கச்சிமுகம்மது பாய்ந்தான். "கொழும்பான் கேக்கிறான், உங்கட பாடகர் பயந்து ஓடிட்டாரா எண்டு! எவ்வளவு பேர் கத்தினானுகள் தெரியுமா? இனி என்ட முகத்தில முழிக்காத."

ஷரிபுதீன் கால்கள் நசநசக்க வீட்டுக்கு நடந்தான்.

காலையில் ஜெமீலாவிடம் மட்டும் நடந்ததைச் சொன்னான். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "கஞ்சிக்கும் ஒரு அளவு இரிக்கே, என்ட கைய ஒடிக்கணும்" என்று அழுதாள். அவள் கண்ணைத் துடைப்பதற்குள் வாசலில் ஸலாம் கேட்டது. ஆதம்பாவா மரைக்கார் நின்றார். கையில் ஒரு சீப்புக் கதலிப்பழம். கலியாணத்துக்கு முன்னால் இப்படி முன்னறிவிப்பு இல்லாமல் மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிறவர் அல்ல. உம்மா பதறிப் பாயைத் தேடினாள். மேடையில் பெயர் கூப்பிட்டதைக் கேள்விப்பட்டு, கலியாணத்தை முறிக்கத்தான் வந்திருக்கிறார் என்று ஷரிபுதீன் நினைத்தான்.

மரைக்கார் அவன் பக்கத்தில் வந்து தோளில் கையைப் போட்டார்.

"ராவு நானும் வந்தன் மகன். மைதானத்துக்குள்ள வரல்ல, சனம் கதைக்கும். வேலிக்கு அங்கால றோட்டில நிண்டன்."

"மாமா, நான்..."

"இரி, சொல்லி முடிக்கிறன். கமீலாதான் கரச்சல். 'ஒரு தரம் கேட்டுப் பாத்துட்டு முடிவச் சொல்லுங்களன் வாப்பா' எண்டு நாலு நாளா ஒரே அழுகை. சரி, குரல் நல்லதெண்டா, பெருநாள் விழா, நல்ல நாள் எண்டு ஒண்டு ரெண்டு படிச்சிட்டுப் போகட்டும், என்ன குறைஞ்சுபோகப் போகுது எண்டு நினைச்சித்தான் வந்த."

ஷரிபுதீன் சட்டென்று நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தான்.

"மூணு தரம் கூப்பிட்டானுகள். ஊரே கத்துது. அந்த இடத்தில நானெண்டாலும் ஏறியிருப்பன். நீ ஏறல்ல!" மரைக்கார் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "நிக்காஹ்வுக்குப் பொறகு எண்டுதான் நான் சொன்ன. நீ அதுக்கு முன்னமே என்ட சொல்லுக்காக விட்டுட்டாய். எனக்குக் கண் கலங்கிட்டு மகன். விடியச் சுபஹுத் தொழுகைக்குப் பள்ளியில எல்லாருக்கும் எழும்பி நிண்டு சொன்னன், இப்பிடி ஒரு மருமகன் எனக்குக் கிடைச்சிருக்கான் எண்டு. கமீலாக்கும் சொல்லிட்டன், இனி அந்தக் கதைய எடுக்காத, அவரே வேணாமெண்டு விட்டுட்டார் எண்டு."

உம்மா கதவுக்குப் பின்னால் நின்று முக்காட்டுத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அல்ஹம்துலில்லாஹ் என்றாள். ஜெமீலா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இல்லை மாமா, நான் பாடத்தான் வந்தேன், பாடுவதற்கு உயிரை விட்டேன் என்று சொல்ல ஷரிபுதீன் வாயைத் திறந்தான். பிறகு ஏன் ஏறவில்லை என்று கேட்பாரே. பள்ளிவாசல் முழுவதும் மெச்சிய மருமகன், ஊரே பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது கிணற்றடியில் களிசான் இல்லாமல் கிடந்தான் என்று எந்த வாயால் சொல்வது? திறந்த வாயை மூடிக்கொண்டான்.

மரைக்கார் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"இனி ஆரும் உன்னைப் பாடச் சொல்லிக் கரச்சல் தந்தா என்னட்டச் சொல்லு மகன். நான் பாத்துக்கிறன்."

"ஓம் மாமா" என்றான் ஷரிபுதீன்.